டியர்ட்ரா என்றால் துயரம்

நீல மேலங்கியின் இடப்பக்கத்தில் குத்தியிருந்த பெயர்த் தகடுதான் அவரைப் பற்றி எனக்கு முதலில் நினைவு வருவது. வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து: டியர்ட்ரா. 1986இல் கனடாவின் பார்க்டேலில் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் அவர் எனக்குச் சூப்பர்வைசர். யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்குப் படிப்பித்த நான், அங்கே நாற்பது படுக்கை விரிப்புகளை மடித்து ஒரு கட்டாக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு மதிய இடைவேளையில் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். "துயரம் என்கிறார்கள். சரியாகத் தெரிந்தவர் யாருமில்லை" என்றார். "அயர்லாந்தில் பழைய கதை. கடைசிவரை கேட்டிருந்தால் என் அப்பா எனக்கு மேரி என்று வைத்திருப்பார்."

அவர் சொன்ன கதை இது: அரசனின் கதைசொல்லிக்கு டியர்ட்ரா என்று ஒரு பெண் குழந்தை. அது தாயின் வயிற்றுக்குள்ளிருந்தே அலறியதாம். இந்தப் பிள்ளையால் நாடு அழியும், வீரர்கள் சாவார்கள் என்று குறிசொல்பவன் சொன்னான். கொன்றுவிடுங்கள் என்றார்கள் சபையிலிருந்தவர்கள். அரசன் கொல்லவில்லை, வளர்ந்தபின் தானே மணப்பதற்காக ஒருவர் கண்ணிலும் படாமல் ஒளித்து வளர்த்தான். அவளோ ஓர் இளைஞனை விரும்பி, அவனோடும் அவன் சகோதரர் இருவரோடும் கடல் கடந்தாள். மன்னித்தேன் என்று அழைத்து மூவரையும் கொல்வித்தான் அரசன். ஓராண்டு அவள் தலை நிமிரவில்லை. பிறகு ஓடும் தேரிலிருந்து பாறையில் தலையை மோதி இறந்தாள்.

"குறி பலித்தது" என்றேன்.

"பலிக்க வைத்தது யார்? பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்தார். அன்று பிற்பகல் என் கட்டு ஒன்றில் முப்பத்தொன்பது விரிப்புகளே இருந்தன.

எனக்குப் பிள்ளைகள் மூவர்: மகன்கள் இருவர், கடைசி மகள். அவள் சாதகத்தைப் பார்த்த சோதிடர், பிள்ளை கூட இருந்தால் தகப்பனுக்கு உயிர்க்கண்டம் என்றார். அதற்கு எங்களிடம் ஒரு சடங்கு இருந்தது. ஒரு சுளகு தவிட்டுக்குப் பிள்ளையை விற்பதாகப் பாவனை செய்வார்கள். மற்றவர்கள் சடங்கு முடிந்ததும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நான் கொண்டுபோகவில்லை. தவிடு கொடுத்த என் மனைவியின் அக்காவிடமே விட்டேன். மகள் அவரை அம்மா என்றாள். என்னைச் சித்தப்பா என்றாள். எனக்கு அது பாதுகாப்பாக இருந்தது.

கனடாவுக்கு வருவதற்கான படிவத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை கேட்டிருந்தது.

"மூண்டு எண்டு போடுங்கோவன்" என்றாள் மனைவி.

"அவள் அக்கான்ரை பிள்ளை. சும்மா இரு." இரண்டு என்று எழுதினேன்.

சூப்பர்வைசர் கதை சொன்ன அன்று மாலை, மகளை இங்கே எடுப்போம் என்று மனைவியிடம் சொன்னேன். "இப்பவாவது கண் திறந்துதே" என்றாள். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. மகளுக்கு இருபது வயது. ஒன்பது பத்திரங்கள் இணைத்து விண்ணப்பித்தோம். ஏழு மாதத்தில் பதில் வந்தது. நான் வந்தபோது கொடுத்த படிவத்தில் அப்படி ஒரு பிள்ளை இல்லை. ஆகவே மகளாக ஏற்க முடியாது. இரண்டு முறை மேன்முறையீடு செய்தேன், இரண்டுக்கும் அதே பதில்தான். அந்த ஒரு இலக்கத்தை எழுதியது என் கை. சோதிடரின் கை அல்ல.

விண்ணப்ப அலுவலாகக் கொழும்புக்கு வந்திருந்த அவளை ஓர் உறவினர் வீட்டுத் தொலைபேசியில் பிடித்தேன். முடியாது என்று சொன்னேன்.

"பறவாயில்லை சித்தப்பா. அம்மாவைத் தனிய விட்டிட்டு நான் வரேலாதுதானே."

"ஒருக்கா அப்பா எண்டு கூப்பிடு பிள்ளை."

சிரித்தாள். "ஏன் சித்தப்பா, இப்ப கண்டம் கழிஞ்சிட்டுதோ?"

அழைப்புக்குக் காசு ஏறுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் கேட்டதற்குப் பதில் இதுதான். என் நாற்பதாவது வயதோடு கண்டம் நீங்கும் என்று சோதிடர் எழுதித் தந்திருந்தார். அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் நான் ஊரில் இருந்தேன். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில்.