அசையாதக்கா படுத்த மேசை

அந்த ஆஸ்பத்திரியில் அவள் சொந்தப் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எம்ஆர்ஐ அறையில் ஸ்கேன் எடுக்கும் வேலை. காலை முதல் மாலை வரை "அசையாதீங்கம்மா, அசையாதீங்க" என்று மைக்கில் கெஞ்சுவதால் அசையாதக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. கணவர் பிளம்பர். "வீட்டுல மட்டும் எங்கள ஒரு இடத்துல இருக்க விடமாட்டா" என்பார்.

எத்தனையோ பெண்களை அந்த மேசையில் குப்புறப் படுக்க வைத்து, மார்பு இரண்டும் குழிகளுக்குள் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, கையில் மருந்து ஏற்றும் ஊசியைப் பொருத்தி, பயந்தவர்களின் முதுகைத் தட்டிக்கொடுத்தவள். தனக்கு என்று வந்தபோது மட்டும் சாக்குப்போக்கு. அவளுடைய அக்காவை மார்பகப் புற்றுநோய்தான் கொண்டுபோனது. தங்கைக்கும் வரக்கூடும், வருடம் தவறாமல் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். அவளுக்கு அடர்த்தியான மார்பு. மேமோகிராம் எக்ஸ்ரேயில் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும், கட்டி இருந்தாலும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். இதை அடுத்தவர்களுக்கு அழகாக விளக்குவாள். தான் படுக்கத்தான் நேரமே கிடைக்காது!

கடைசியில் கூட வேலை செய்யும் வாயாடிதான் ஒரு மத்தியானம் அவளை இழுத்துப்போய்ப் படுக்க வைத்தாள்.

"அக்கா, அசையாதீங்க," என்று மைக்கில் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இயந்திரம் தடதடத்தது. மருந்து ஏறியபோது கை சில்லிட்டது. குப்புறக் கிடந்தவளுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. அக்காவின் முகம் வந்து வந்து போனது.

முடிந்து எழுந்ததும் அவள் செய்ததுதான் தப்பு. படத்தைப் படித்துச் சொல்லும் டாக்டரம்மா மறுநாள்தான் வருவார். படம் எடுப்பவர்கள் படத்துக்குப் பலன் சொல்லக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். வாயாடிக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். ஆனாலும் சட்டையின் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் திரை முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"வேண்டாங்க்கா, சொன்னா கேளுங்க," என்றாள் வாயாடி.

வலது பக்கத்தில், அக்குளை ஒட்டி, ஒரு புள்ளி பளிச்சென்று வெளுத்திருந்தது. மருந்தைக் குடித்து வெளுப்பதெல்லாம் புற்றுநோய் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அடுத்தவள் மார்பாக இருந்தால் தெரியும். இது அவளுடையது. பெரிதாக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், அந்தப் புள்ளியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வீட்டில் சொன்னாள். கணவர் குழாய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். "உனக்குப் படுக்க வைக்கத்தான் தெரியும், பாக்கத் தெரியுமா? சும்மா இரு," என்று அதட்டினார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடமும் அவரே சொல்லிவிட்டார். மகள் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை அசையாதக்கா டாக்டரம்மாவின் அறைக்குள் தனியாகப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கணவர் போனும் கையுமாக நின்றார்.

"வலது பக்கத்துல ஒரு புள்ளி டாக்டர்," என்று அவளே முந்திக்கொண்டாள்.

"அதுக்குள்ள பாத்தாச்சா? அது வெறும் நிணநீர்க் கணு. நிறைய பேருக்கு இருக்கும், ஒண்ணும் செய்யாது."

போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்க, வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் பிறகுதான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இடது பக்கம் பாத்தீங்களா?"

அவள் பார்க்கவே இல்லை.

டாக்டரம்மா திரையில் விரல் வைத்த இடத்தில் ஒரு மிளகளவு, ஓரமெல்லாம் பிசிறடித்து, வெளுத்துக் கிடந்தது. "இதுதான் எனக்குப் பிடிக்கல. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும், இந்த வாரமே. ரொம்பச் சின்னது. அதுவாவே இருந்தாலும் முழுசா குணப்படுத்திடலாம். மேமோகிராம்ல இது தெரிஞ்சே இருக்காது. கேக்குறீங்களா?"

கேட்டது. எல்லாமே கேட்டது. இவ்வளவு பயந்தும் பயப்பட வேண்டிய பக்கம் திரும்பவே இல்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. மெல்ல எழுந்து கதவைத் திறந்தாள்.

கணவரின் முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணெல்லாம் ஈரம். "நீ சிரிச்சதக் கண்ணாடி வழியாப் பாத்தேன். உடனே பாப்பாவுக்குப் போட்டுச் சொல்லிட்டேன். இந்தா, பேசு. சந்தோஷத்துல அழறா."

அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா," என்றது குரல், "ஒண்ணுமில்லையாமே?"