சண்முகவடிவு சொன்ன பெயர்

மல்லாங்கிணற்று வளையல்கடைக்காரர் மகள் சண்முகவடிவு, 1986இல் பந்தல்குடி பலசரக்குக் கடைக்காரர் நவநீதகிருஷ்ணனுக்கு வாழ்க்கைப்பட்டாள். வந்த வருஷமே படபடப்பு தொடங்கிவிட்டது. தூத்துக்குடி லாரி ஒன்று வாசலைக் கடந்தால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கைகால் சில்லிடும், உயிர் இப்போதே போய்விடும் போலிருக்கும். பிறந்த வீட்டில் போய் இருந்தால் ஒன்றும் செய்யாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதுரையில் நரம்பு டாக்டரிடம் காட்டலாம் என்றான் புருஷன். மாமியார் ரத்தினம்மாள் ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். இளையவனுக்குப் பெண் பார்க்கிற நேரத்தில் பைத்தியம் என்று பெயர் எடுக்க வேண்டுமா என்றாள். அதனால் டாக்டரைத் தவிர மற்ற எல்லாரிடமும் போனார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் காந்த வைத்தியம் பார்த்தார். உள்ளங்கையில் காந்தம் வைத்து, காந்தத்தில் வைத்த தண்ணீரையும் குடிக்கச் சொன்னார். தண்ணீர் தாகத்தைத் தீர்த்தது, அவ்வளவுதான். திருச்சுழி வைத்தியர் லேகியம் கொடுத்து உப்பில்லாப் பத்தியம் இருக்க வைத்தார். சித்திரை வெயிலில் உப்பில்லாமல் கிடந்து மயங்கி விழுந்தாள். மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்ன ஒரு பள்ளிக்கூட டிரில் மாஸ்டரால் மட்டும் கொஞ்சம் குணம் தெரிந்தது. வாராவாரம் மருமகள் தனியாக பஸ் ஏறுவது நன்றாகவா இருக்கிறது என்று ரத்தினம்மாள் அதையும் நிறுத்தினாள்.

கடைசியில் நரிக்குடிப் பக்கமிருந்து கோடாங்கி வீரணன் வந்தார். பேய் பிடித்தது என்றால் குடும்பத்துக்குக் கேவலமில்லை, ஓட்டிவிட்டால் தீர்ந்தது. பேய் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்துவிட்டால், அது மரத்தோடு நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில், முற்றத்தில் ஈரச்சேலையோடு உட்கார வைத்தார்கள். வீரணன் உடுக்கை அடித்தார். யாரென்று கேட்டுக் கேட்டு வேப்பங்குலையால் விளாசினார். சண்முகவடிவுக்குள் பேயுமில்லை, பிசாசுமில்லை. வலிதான் இருந்தது. யாராவது செத்தவர் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவார்கள். அந்த வீட்டில் செத்தவர்களில் அவளுக்குத் தெரிந்தது ஒரே பெயர், புருஷனின் தங்கை செல்லக்கிளி. கல்யாணம் பேசி முடித்த வாரத்தில் தோட்டத்துக் கிணற்றில் கால் தவறி விழுந்தவள். மனதில் வேறு ஒருவன் இருந்தான் என்று கடைத்தெருவில் ஒரு முணுமுணுப்பு உண்டு.

"செல்லக்கிளி" என்றாள்.

ரத்தினம்மாள் எழுந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். பெற்ற வயிறு அழுகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே அவள் வாய் சண்முகவடிவின் காதோடு ஒட்டியிருந்தது.

"ஆத்தா, நாந்தான் தள்ளுனேன்னு இங்க வச்சுச் சொல்லிறாத. ஒன் அண்ணன் தாங்க மாட்டான். ஒனக்கு என்ன வேணுமோ செய்றேன், பேசாமப் போயிரு."

சண்முகவடிவு போய்விட்டாள். அதாவது கண்ணை மூடிச் சாய்ந்தாள். முடி அறுத்தார்கள், ஆணி அடித்தார்கள். பேய் பிடித்திருந்தவளுக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது என்பது ஊரறிந்த சங்கதி. அந்த நம்பிக்கைதான் அன்றைக்கு அவள் உயிரைக் காத்தது.

இனி அவள் குணமானவளாகவே இருந்தாக வேண்டும். படபடப்பு முன்னைவிட மோசமாக வந்தது, வெளியே காட்ட முடியவில்லை. புருஷனிடம் சொல்லலாமென்றால், அவள் வாயால் எது சொன்னாலும் செல்லக்கிளி திரும்பி வந்துவிட்டாள் என்றுதான் ஆகும், மறுபடி வீரணன் வருவார். அடுப்படியில் புகையைச் சாக்கு வைத்து அழுதாள். பாவம், வேறென்ன செய்வாள்? வீரணனின் கைராசியை ஊர் மெச்சியது. ரத்தினம்மாள் மட்டும் அவ்வப்போது, ஏதோ பேச்சுவாக்கில் போல, அன்றைக்கு நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பாள். இல்லை என்று சிரிப்பாள் இவள்.

தொண்ணூற்று மூன்றில் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஒரு காலையில், கடைக்குக் கிளம்பிய நவநீதகிருஷ்ணன் தெருமுனை திரும்பியதும், ரத்தினம்மாள் ஒரு வாளியும் கயிறுமாக வந்து நின்றாள்.

"கெணறு நெறஞ்சு கெடக்காம் வடிவு. நாம ரெண்டு பேரும் தோட்டத்துக்குப் போயிட்டு வருவமா?"

"அங்க வேண்டாம் அத்தே" என்று சொல்லிவிட்டாள் சண்முகவடிவு. செல்லக்கிளி கால் தவறி விழுந்தாள் என்பதைத் தவிர அந்தக் கிணற்றைப் பற்றி அவளிடம் யாரும் எதையும் சொன்னதில்லை; மாமியாரோடு அங்கே போகப் பயப்பட, அன்றைக்குக் காதில் விழுந்ததைத் தவிர வேறு காரணமில்லை. ரத்தினம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாசல் கதவைச் சாத்தினாள்.