ஓவன் கத்திய நேரம்

எனக்கு இங்கிலீஷ் எழுத்து கொஞ்சம்தான் தெரியும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தது தமிழ் மட்டும். மற்றதெல்லாம் கப்பல் டிக்கெட்டிலும் ரேஷன் கார்டிலும் பார்த்துப் பார்த்துப் பழகியது. ஆனால் எஃப் என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு மூன்றும் சேர்ந்து சிவப்பாக எரிவது கண்ணை மூடினாலும் எனக்குத் தெரிகிறது.

அது எங்கள் வீட்டு ஓவனில் வந்த எழுத்து. அந்தமானில் ஹட் பே தீவில், கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்கு நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. மகனுக்கு ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலை. ஓவன் மருமகளுடையது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்தாள். பிறந்தநாளுக்கு, கிறிஸ்துமஸுக்கு என்று ஊரில் பாதிப் பேருக்குக் கேக் செய்து கொடுத்தாள். கேக் வெந்துவிட்டால் ஓவன் கத்தும். யாராவது வந்து பொத்தானை அமுக்கும்வரை விட்டு விட்டுக் கத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு தடவை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் போய் எதையோ அமுக்கினேன். கேக் நடுவில் அமுங்கிப் போயிற்று. அவள் கோபப்படவில்லை, சிரித்தாள்.

"மாமி, அது கத்துனா கத்தட்டும். நீங்க அதத் தொடாதீங்க. நான் பாத்துக்கிறேன்."

அதிலிருந்து அது கத்தினால் நான் அடுக்களைப் பக்கமே போவதில்லை.

அன்றைக்கு மத்தியானம் நான் பின்னால் மீன் கழுவ உட்கார்ந்தேன். அரை வாளி மத்தி. முதல் மீனைக் கையில் எடுக்கும்போதே ஓவன் கத்தத் தொடங்கியது. அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்தேன். கத்திக்கொண்டே இருந்தது. போனில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கடைசி மீனையும் கழுவி, செதிலைத் தென்னைக்குப் போட்டு, கை கழுவிவிட்டு உள்ளே போனேன். ஓவனுக்கு முன்னால் தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

பக்கத்து வீட்டார் ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மகனும் ஜெட்டியிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டான். டாக்டர் இந்தியில் கேட்டார், எத்தனை மணிக்கு விழுந்தாள் என்று. மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் "அபி" என்றேன். இப்போதுதான் என்று அர்த்தம். டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். மறுபடியும் "அபி, அபி" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் எழுதினார்.

மறுநாள் காலையில் ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அவள் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து பிரஷர் மாத்திரை வாங்க வரிசையில் நின்றிருந்தேன். இந்த மாதிரி வாய் இழுத்துக்கொண்ட கேஸுக்கு நேரம்தான் பெரிசு, விழுந்த நேரம் சரியாகத் தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும் என்று ஒரு நர்ஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மீன்காரியிடம் அரை வாளி மத்தி வாங்கினேன். மகனுக்கு அன்று பகல் டியூட்டி. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கழுவின மாதிரியே கழுவினேன், வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. செதிலைக் கொட்டி, கை கழுவி, வாசற்படி ஏறும்போது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அந்த மீனை நான் தின்னவில்லை. மகன் தின்றான். இன்றைக்குக் குழம்பு நன்றாக இருக்கிறது என்றான்.

மழை தொடங்கியபிறகு ஓவன் தானாகக் கத்த ஆரம்பித்தது. கேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. சுவிட்சைக்கூட நாங்கள் யாரும் அணைத்திருக்கவில்லை. மகன் அந்த மூலைக்கே போகமாட்டான். நான் தொடமாட்டேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அதே சத்தம். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ஓடிப்போய் நின்றபோது நான் ஓவனைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன். பிறகுதான் மேலே அந்த எஃப்பும் மூன்றும் தெரிந்தது.

மெயினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் அடங்கும். ஒருநாள் சும்மா இருக்கும். மறுநாள் மறுபடியும் கத்தும். ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒவ்வொரு தடவையும் முதலில் தரையைத்தான் பார்த்தேன். மகனிடம் சுவிட்சை அணைத்தே வைத்துவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கத்தினால் இந்தத் தடவையாவது நான் போகவேண்டுமே.

மகனுக்கு வேறு பயம். வீடு பற்றிக்கொண்டால் என்ன செய்வது என்றான். ஓவனோடு வந்த புத்தகத்தைப் புரட்டினான். எஃப் மூன்றுக்கு நேரே கம்பெனிக்குப் பேசவும் என்று மட்டும் போட்டிருந்தது. பேசினான். அந்தப் பெண் பின்கோடு கேட்டு, உங்கள் ஏரியாவில் சர்வீஸ் இல்லை, பக்கத்து நகரத்துக்கு எடுத்துப் போங்கள் என்றாளாம். பக்கத்து நகரத்துக்குப் போகக் கப்பல் ஏற வேண்டும் என்று இவன் சொல்ல, சரி சார், கப்பலிலேயே எடுத்துப் போங்கள் என்றாளாம். மருமகள் போன பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில், மீன் ஐஸ் மெஷினும் ஃப்ரிட்ஜும் பார்க்கிற பெங்காலிக்காரரைக் கூட்டி வந்தான். என்னை மாசி என்று கூப்பிட்டார், நம் சித்தி மாதிரி. தமிழும் இந்தியும் கலந்து பேசினார். மெயினை அணைத்தார். ஓவனை முன்னால் இழுத்து முதுகுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கம்பி இருக்கிறதாம். சூடு எவ்வளவு என்று அதுதான் ஓவனுக்குச் சொல்லுமாம். அந்தக் கம்பியின் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தார். நம்பர் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒயரைச் சொருகியிருந்த இடத்தில் செம்பு பச்சையாகப் பூத்துப் போயிருந்தது.

"ஒங்க கடல் காத்து எல்லா மெஷினையும் திங்குது மாசி. எனக்கு மட்டுந்தான் சோறு போடுது."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், ஸ்பிரிட்டில் துடைத்தார், இறுக்கிச் சொருகினார். மீட்டரில் நம்பர் நின்றது. இனிமேல் கத்தாது என்றார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கரண்டைப் போட்டுவிட்டு, ஓவனின் தலையைத் தட்டினார். "இதுக்கு யாத் இருக்கு" என்றார். யாத் என்றால் ஞாபகம். "முன்னாடி எப்பல்லாம் கத்துச்சோ, எல்லாம் உள்ள வச்சிருக்கும். ரெண்டு பட்டன சேத்து அமுக்குனா காட்டும். பாக்கலாமா?"

பாருங்கள் என்றான் மகன்.

அந்த முப்பத்தைந்து நிமிடமும் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறது, இப்போது சிவப்பு எழுத்தில் வரப்போகிறது, அவன் படிக்கப்போகிறான்.

"வேணாம்" என்றேன்.

"ஏம்மா?"

"அன்னைக்கு அது ரொம்ப நேரம் கத்துச்சு தம்பி. நான் பின்னால மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். காதுல விழுந்துச்சு. நான் எந்திரிச்சு வரல."

எவ்வளவு நேரம் என்று கேட்டான் அவன்.

"முப்பத்தஞ்சு நிமிசம்."

"மணி பாத்தீங்களா?"

"அப்பப் பாக்கல. பெறகு அதே அளவு மீன வாங்கிக் கழுவிப் பாத்தேன்."

எந்த மீன் என்று அவனுக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது.

பெங்காலிக்காரர் அதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டிருந்தார். எஃப் மூன்று, எஃப் மூன்று, எஃப் மூன்று என்று அதுவே ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தேதியெல்லாம் இது வைக்காது, நேரமும் வைக்காது, கேக் வெந்து கத்துவதெல்லாம் இதற்குக் கணக்கே இல்லை என்றார். மகன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கண்ணு தொறந்திருந்துச்சா?" என்று என்னைக் கேட்டான்.

அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

"தொறந்திருந்துச்சு. என்னையத்தான் பாத்தா."

பெங்காலிக்காரருக்கு எவ்வளவு புரிந்ததோ. சாமான்களைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டு, டீ வேண்டாம் என்று போய்விட்டார்.

இரண்டு நாள் மகன் என்னிடம் சாப்பாட்டுக்கு வேண்டியதைத் தவிரப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஓவன் கத்தவில்லை. ஆனாலும் மத்தியானமானால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போய் நின்றேன். மூன்றாம் நாள் அவன் சட்டை மாட்டும்போது, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, அந்த டாக்டரிடம் சரியான நேரத்தைச் சொல்ல வேண்டும் என்றேன்.

"இப்பச் சொல்லி என்னாகப் போகுது?"

"அவர் எழுதி வச்சிருக்காருல்ல. தப்பா இருக்கு."

ஸ்கூட்டரில் கூட்டிப் போனான். அந்த டாக்டர் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். அவர் நாற்காலியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் இருந்தார். மகன் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தான். மீன் கழுவிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அன்றைக்கு அபி என்றதைத் தவிர ஆஸ்பத்திரியில் நான் வாய் திறந்து பேசியதே கிடையாது. நானே சொன்னேன், பைந்தீஸ் மினிட், முப்பத்தைந்து நிமிடம் என்று.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மகனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. வெளியே வந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"எழுதிக்கிட்டாங்களாம்மா."

நான் சரி என்று ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே இருந்தவரைக்கும் அந்த அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா மேசைமேலேயே கிடந்தது.