குளோரி அக்காவின் இடது சப்பாத்து

மெல்பேர்னில், ஸ்பிரிங்வேல் மரக்கறிக் கடையில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் குளோரி அக்காவின் மகள் எஸ்தரின் அழைப்பு வந்தது. "யோகம் அன்ரி, மம்மி போய்ட்டாங்க. காலைல, ஸ்லீப்லயே" என்றாள். நான் "ஓம், ஓம்" என்றேன். அழைப்பு முடிந்த பிறகும் வெண்டிக்காய்களை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கடைக்காரப் பெண் வந்து கூடையை என் கையிலிருந்து பிடுங்கினாள். அன்று பின்னேரம் குளோரி அக்காவைப் பார்க்கப் போவதாக இருந்தேன். அவருக்குச் சொல்ல வேண்டிய ஒரு பதில் என்னிடம் இருந்தது.

நினைவு மலருக்கு எழுதச் சொல்லி எஸ்தர் கேட்டாள். "ரெண்டு பேஜ் போதும் அன்ரி. நைஸா ஏதாச்சும் எழுதுங்க." நைஸாக எழுத எனக்கு வராது. அக்காவைத் தெரிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். எனக்கு வாய் நீளம் என்பதும் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஆறு வருடமாக இந்த வாய் மூடியே இருந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

டண்டினொங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், பொதி கட்டும் வரிசையில், பதினேழு வருடம் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்த கிறிஸ்தவர், நான் யாழ்ப்பாணத்துச் சைவம். முதல் நாள் என் கை வேகம் போதாமல் பெட்டிகள் குவிந்துபோய்க் கண் கலங்கி நின்றேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "அழறதா இருந்தா பிரேக்ல அழு. பெல்ட் நிக்காதுலா." கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். இடைவேளையில் தன் சாப்பாட்டில் பாதியை என் முன்னால் தள்ளிவிட்டு, "இப்ப அழு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கு அக்காதான் கூட்டிப்போவார். அவர் கும்பிட மாட்டார். ஆனாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு என்னோடு உள்ளே வந்து நிற்பார்; பிரசாதத்துக்கு என்னை முந்திக் கையை நீட்டுவார். சப்பாத்தைக் கழற்றினால் லேஸ்களைச் சுருட்டி உள்ளே வைப்பது என் பழக்கம். அக்கா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். "பாம்புக் குட்டிய தூங்க வைக்கிறா பாரு!"

அவர் மனதில் ஒரு முள் இருந்தது. அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது மூத்த அண்ணன் சாமுவேல் படிக்க இங்கிலாந்துக்குப் போனார். ஒரு கிராமத்து வீட்டில் தங்கியிருந்தவர், முதல் குளிரிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். "எங்கள் கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்து சின்னதாய் ஒரு கல்லும் வைத்தோம்" என்று அந்த வீட்டுக்காரி எழுதிய கடிதம் மட்டும் கிள்ளானுக்கு வந்தது. போய்ப் பார்க்க யாருக்கும் வசதி இல்லை. தான் இறந்த பிறகு தன் குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய் மகன்மேல் போடவேண்டும் என்பதுதான் அவர்கள் அம்மாவின் கடைசி வேண்டுகோள். அந்த மண் ஒரு சின்ன டப்பாவில், அக்காவின் அலுமாரியில் முப்பது வருடத்துக்கு மேலாக இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் லண்டனில் என் தங்கை மகளின் கல்யாணம். அக்காவும் டப்பாவோடு என்னுடன் வந்தார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறி அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்ப ஒரே ஒரு பஸ், நாலு மணிக்கு. மறுநாள் காலை எங்களுக்கு மெல்பேர்ன் விமானம்.

தேவாலயம் எண்ணூறு வருடம் பழையதாம். ஊரில் ஒரு மனிதத் தலை தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் முழங்காலளவு புல் ஈரமாய் நின்றது. கல் கல்லாகக் குனிந்து வாசித்தோம். இரண்டு மணி நேரம். பாதிக் கற்களில் எழுத்தே இல்லை. மதிலோரத்து மூலையில் புல்லும், பட்டால் அரிக்கிற காஞ்சோண்டியும் அடர்ந்து கிடந்ததால் அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை.

குளிர் தாங்காமல் உள்ளே போனோம். வாசல் மண்டபத்தில் நான் என்னை அறியாமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். அக்கா பார்த்தார். "எங்க சர்ச்சுல யாரும் கழட்டறதில்லலா. சரி, ஒங்க சாமி வீட்டுல நான் கழட்டுனேன்ல" என்று தானும் கழற்றினார். உள்ளே இரண்டடி வைத்த பிறகுதான் கவனித்தேன், தரை முழுக்க ஆட்களின் பெயர்கள். செத்தவர்களை உள்ளேயே புதைத்து மேலே கல்லைப் பாவியிருக்கிறார்கள்! நாங்கள் வெறும் காலுறையோடு அவர்கள்மேல் நிற்கிறோம். கல்லின் ஈரம் உள்ளங்காலில் ஏறியது. ஒரு கல்லிலிருந்து கால் எடுத்தால் அடுத்த கல்லிலும் ஒரு பெயர். "அக்கா, எனக்கு இது சரிவரேல்லை, வாங்கோ போவம்" என்றேன். என் குரல் கூரை வரைக்கும் போய், கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது.

வருகையாளர் புத்தகத்தில் கடைசியாக ஒருவர் கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. மண்டியிடும் சிறு மெத்தைகள் எல்லாம் கொளுக்கியில் வரிசையாகத் தொங்கின. ஒன்று மட்டும் முன்வரிசைத் தரையில் கிடந்தது, நடுவில் இரண்டு முழங்கால் குழிகளோடு. அக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். டப்பா மடியில். "அண்ணனைப் பாக்காம நான் வரமாட்டேன். நீ போலா."

"உங்களுக்கு என்ன விசரோ? பஸ் போனால் இரவு இந்தச் செத்த ஆக்களோடையோ படுக்கிறது?" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் முகம். எனக்குக் கோபமும் வந்தது, நெஞ்சும் தாங்கவில்லை. வெளியே வந்தேன்.

நான் செய்தது இதுதான். என் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, அக்காவின் இடது சப்பாத்தைக் கையில் எடுத்தேன். மதில் மூலைக்குப் போய், ஐவிக்கொடி மூடிய ஒரு கல்லின்மேல் வைத்தேன். பெயர் தெரியாத கல்லாக இருந்தால் போதும், அண்ணன் அடையாளம் காட்டினார் என்று நம்பி மண்ணைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். உள்ளே ஓடி, "ஐயோ அக்கா, உங்கட சப்பாத்தில ஒண்டைக் காணேல்லை! நரி கொண்டுபோயிட்டுது!" என்றேன். தங்கை வீட்டு வாசலில் அந்த வாரம்தான் நரி ஒரு செருப்பைத் தூக்கிப் போயிருந்தது.

தேடுகிற மாதிரித் தேடி, அவரை அந்த மூலைக்குக் கொண்டுபோனேன். அக்கா சப்பாத்தைப் பார்த்தார். பிறகு முழங்காலில் விழுந்து ஐவிக்கொடியைப் பிய்க்கத் தொடங்கினார். "விடுங்கோ அக்கா, எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்கும், மண்ணைப் போட்டிட்டு வாங்கோ" என்று நான் தடுத்தேன். அவர் பாசியை நகத்தால் சுரண்டினார்.

சாமுவேல் என்று இருந்தது. கீழே, மலாயா.

அக்கா வாய்விட்டு அழுதார். டப்பாவைத் திறந்து அம்மாவின் மண்ணைக் கொட்டிக் கையால் தடவிவிட்டார். நாலு மணி பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் லண்டன் வரைக்கும் விழித்தே இருந்தேன்.

மெல்பேர்ன் திரும்பிய பிறகு நரிக் கதையை அக்கா எல்லோரிடமும் சொன்னார். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். என் பொய் எப்படி உண்மையானது என்று எனக்கே தெரியாதபோது, அதை எப்படி அவரிடம் சொல்வது?

இறப்பதற்கு முதல் நாள், படுக்கையில் இருந்த அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். எஸ்தர் குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "சப்பாத்த நீதானே வச்ச?"

"எப்பிடி அக்கா தெரியும்?"

"நரி லேஸச் சுருட்டி உள்ள வைக்காதுலா."

பழக்கதோஷம்! பொய்க்கு வைத்த சப்பாத்திலும் லேஸை மடித்திருக்கிறேன். "பிறகு ஏன் இவ்வளவு நாளும் கேக்கேல்லை?" என்றேன்.

"கேட்டா நீ சாரி சொல்லுவ. எனக்கு அது வேணாம்." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அத்தனை கல்லு இருக்கு. அந்தக் கல்லுல வைக்கச் சொன்னது யாரு?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் பயந்தேன். வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். "நாளைக்கு வந்து சொல்லுறன் அக்கா, போயிட்டு வாறன்" என்று எழும்பி வந்துவிட்டேன். கோழை. அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

பதில் இதுதான் அக்கா. யாரும் சொல்லவில்லை. முதலில் வாசலுக்குக் கிட்ட இருந்த கல்லில்தான் வைக்க நினைத்தேன். ஆனால் மூலைப்பக்கம் பார்த்தபோது, நாம் தேடியபோது காடாய் நின்ற புல்லில் ஒரு வழி இருந்தது, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு. நீங்கள் உள்ளே இருந்தீர்கள். நான் அந்தப் பக்கம் போயிருக்கவில்லை. புல்லெல்லாம் மதிலைப் பார்த்தே சாய்ந்திருந்தது. போன தடம் மட்டும்தான். திரும்பி வந்த தடம் இல்லை. நான் அதில் நடந்துபோனேன். அது அந்தக் கல்லோடு முடிந்தது.

எஸ்தர் அந்தச் சப்பாத்துகளை என்னிடம் தந்துவிட்டாள். இடதில் அந்த ஊர் மண் இன்னும் ஒட்டியிருக்கிறது. என் வீட்டு வாசலில், கதவைப் பார்த்தபடி வைத்திருக்கிறேன். லேஸை உள்ளே மடிக்கவில்லை அக்கா. நீங்கள் கால் போட வசதியாக, அவிழ்த்தே விட்டிருக்கிறேன்.