எருமைகளுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடியிலிருந்த ஏரியைத் தூர்வாரினார்கள். அள்ளிய சேற்றை லாரியில் ஏற்றிப் பள்ளமான மனைகளில் கொட்டுவதே அன்றைய வழக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தார் அதிகாரிகளிடம் நடையாய் நடந்து, அச்சேற்றைக் கொண்டே இடிந்து கிடந்த கரையை அகலமாக எழுப்ப இசைவு பெற்றோம். மாலையில் குடும்பத்தோடு உலாவ ஒரு கரை வேண்டும் என்பது எங்கள் ஆசை. செயலாளன் என்ற முறையில் மேற்பார்வை என்னிடம் வந்து சேர்ந்தது.

கரை எழுந்தது, ஆனால் இறுகவில்லை. மேலே வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது. உள்ளே களியாகவே இருந்தது. வரவழைத்த ரோடு ரோலர் சேற்றில் புதைந்து, அதை மீட்கவே ஒரு பகல் போயிற்று. ஐப்பசி மழைக்குமுன் இறுகாவிடில், அள்ளிய சேறு அத்தனையும் கரைந்து மீண்டும் ஏரிக்கே போய்விடும். அக்கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்நிலையில், எருமைகள் மிதித்துக் கெடுத்துவிடும் என்றஞ்சிக் கரை நெடுக முள்வேலி இட்டோம். எங்கள் தெருவுக்கே பால் ஊற்றும் அம்மையாரின் எருமைகள் அன்றாடம் இறங்கும் வழியும் அதில் அடைபட்டது. மறுநாள் காலை, என் வீட்டுப் பாத்திரத்தில் பாலை அளந்தபடியே அவர் சொன்னார்:

“உங்க வூட்டாண்ட ஒரு தொட்டி கட்டி வெய்ங்க சார். இனிமே அதுங்கள இங்கியே குளிப்பாட்டிக்கினு போறேன்.”

நியாயம் அவர் பக்கம் இருந்ததால், தெற்குக் கோடியில் மட்டும் வேலியைப் பிரித்து ஒரு வழி விட்டோம்.

சில நாட்கள் சென்று கரையைப் பார்வையிடப் போனேன். நடுக்கரையில் என் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. வெறுங்காலோடு தெற்குக் கோடிக்கு வந்தவன் திகைத்து நின்றேன். எருமைகள் நடந்த அவ்வழி மட்டும் கல்தரை போல் இறுகியிருந்தது. குதிகாலால் ஓங்கி உதைத்துப் பார்த்தேன், வலித்தது. அவ்வலி தந்த மகிழ்ச்சியை இன்றும் மறந்திலேன்.

அன்று மாலையே சங்கத்தார் கூடினோம். வராதே என்று விலக்கியவர்களை வெறுங்கையோடு அழைப்பது முறையன்று எனத் தீர்மானித்து, தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துக்கொண்டு அம்மையாரின் கொட்டகைக்குச் சென்றோம். கரை முழுவதும் எருமைகளை நடத்தித் தருமாறு வேண்டினேன். மிதித்தால் மண் இறுகும் என்பது அவருக்கும் புதுச்செய்திதான், ஆயினும் காட்டிக்கொள்ளவில்லை.

“முள்ளு போட்டவங்களே வெத்தலை பாக்கு வெச்சிக் கூப்புடுறீங்க. என் கல்யாணத்துலகூட எனக்கு இவ்ளோ மரியாதை நடக்கல சார். ஆனா தட்டை எங்கிட்ட நீட்டினா எப்படி? நடக்கப்போறது அதுங்கதானே?”

நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, மூத்த எருமையிடம் முறைப்படி தட்டை நீட்டினேன். அது பழத்தைத் தோலோடு உண்டு, வெற்றிலையையும் முடித்து, தட்டையும் நக்கியது.

“ஒத்துக்கிச்சு” என்றார் அம்மையார்.

மறுநாள் மீதி வேலியையும் பிரித்தோம். அன்று முதல், கொம்புகளில் மஞ்சள் பூசிய எருமைகள் காலையும் மாலையும் கரையின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை ஊர்வலம் போயின. பக்கத்து ஊரான மாடம்பாக்கத்திலிருந்து அம்மையாரின் தம்பியும் தம் எருமைகளை ஓட்டிவந்து சேர்ந்துகொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. அந்நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்த பாலும் சற்றுக் கெட்டியாகவே இருந்தது.

ஐப்பசியில் இரவு முழுதும் மழை கொட்டியது. விடிந்ததும் குடைகளோடு ஓடினோம். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது, கரை நின்றிருந்தது. கரை நெடுகக் குளம்புத் தடங்களில் மழைநீர் தேங்கி மின்னியது.

மழை ஓய்ந்த மாலையில் மனைவி மக்களோடு முதன்முறையாக அங்கே உலாவினோம். எதிரே எருமைகள் வந்தன. சங்கத்தார் அனைவரும் ஒதுங்கி வழிவிட்டோம்.