அவள் விரலில் மூன்று

கீமோ போட்டுக்கொண்டு வந்தால் என் மனைவிக்கு நாலு நாளைக்கு வாந்தி. கஞ்சி, மோர், வெறும் தண்ணீர் எதுவும் தங்காது. எடை இன்னும் இறங்கினால் அடுத்த ஊசி போட முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். போடாவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை. திருவொற்றியூரில் சாயங்காலமானால் ஆலைப் பக்கமிருந்து ஒரு நாற்றம் கிளம்பும், ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். அது வந்ததும் அவள் பக்கெட்டை இழுத்துக்கொள்வாள்.

டோல்கேட் பக்கம் அக்குபங்சர் பார்க்கும் பெண் ஒருத்தி இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகிற மனைவியைக் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டியவன் நான். வேறு வழி தெரியாமல் கூட்டிப் போனேன்.

அந்தப் பெண் ஊசி குத்தவில்லை. இந்த உடம்புக்கு இப்போது ஊசி வேண்டாம், விரலால் அழுத்தினால் போதும் என்றாள். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புகளுக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டினாள். சீனாக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் நெய்குவான். குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, பஸ்ஸில் போனால் வரும் தலைசுற்றல், எல்லாவற்றுக்கும் அங்கேதான் அழுத்துவார்களாம். நோயை இது ஒன்றும் செய்யாது, டாக்டர் மருந்தை விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னாள். அதனாலேயே அவள்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

வீட்டுக்கு வந்து அழுத்தினேன். வாந்தி நிற்கவில்லை. ஹார்பரில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிறவன் நான். வலு போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தியதில் அவள் கை கன்றிப்போனது. மறுபடி போனபோது அந்தப் பெண் என் விரல்களைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அண்ணா, உங்க வெரலு உங்க கைக்குத்தான் அளவு. அக்கா கைக்கு அக்கா வெரல வச்சி அளக்கணும்."

அதன்பிறகு என் மனைவியின் வலது கை விரல்கள் மூன்றைச் சேர்த்து அவள் இடது மணிக்கட்டில் வைப்பேன். அவை முடிகிற இடத்தில் என் கட்டைவிரல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் விரல்களை அப்படிப் பிடித்துப் பார்த்ததே இல்லை. மோதிரம் போடப் போகிறாயா என்று கேலி செய்வாள். பாதிக் கஞ்சி தங்கியது. அடுத்த கீமோ ஊசியைப் போட்டார்கள், அதற்கடுத்ததையும் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் நோய் எந்த ஊசிக்கும் அடங்கவில்லை. கடைசியில் வார்டில் படுத்திருந்தபோது அவள் கை வீங்கிவிட்டது. ஒவ்வொரு விரலும் என் விரல் பருமன். மணிக்கட்டு ரேகை இருந்த இடமே தெரியவில்லை. எதை வைத்து அளப்பது? உத்தேசமாக ஓர் இடத்தில் அழுத்தினேன்.

"கொமட்டுதா?"

"இல்லய்யா. காலைலருந்து ஒண்ணியும் இல்ல. நீ கைய எடுக்காத."

குமட்டல் நின்றுவிட்டது என்று நர்ஸிடம் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ட்ரிப்ஸைச் சரிசெய்தார். மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

கல்லறையிலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எனக்குக் குமட்டியது. கை தன்பாட்டுக்குப் போய் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தது. என் விரல், என் கை. அளவு சரியாக இருந்தது. நான் அழுத்தவில்லை. வருவதெல்லாம் வரட்டும் என்று தலையை வெளியே நீட்டிக்கொண்டேன்.