கூரை போட்ட பாலத்தில் ஏற்றிய மெழுகுதிரி

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு நான் நெருப்புக்குச்சியைத் தட்டினேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நின்ற இடம் சுவிஸ் நாட்டு மலைக் கிராமம் ஒன்றின் மரப்பாலம். பல நூறு வருடப் பழையது. டென்மார்க்கின் ஸ்கீவ நகர இறைச்சித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர்கள் வருடாந்தச் சுற்றுலாவுக்கு இந்தப் பாலங்களைத் தெரிவுசெய்திருந்தார்கள். டென்மார்க்காரர் தங்கள் நாட்டு மேடு ஒன்றுக்கு வானமலை என்று பெயர் வைத்து, அதில் ஏறிப் படம் எடுப்பவர்கள். உண்மையான மலையைக் கண்டதும் பஸ்ஸுக்குள் பாடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு மலையைவிடப் பாலத்தின் கூரைதான் அதிசயம். இலங்கையில் எங்கள் பக்கத்தில் ஷெல் விழுந்து கூரை இல்லாமல் எத்தனை வீடுகள் நிற்கின்றன; இங்கே மரம் மழையில் உக்கிவிடும் என்று ஒரு பாலத்துக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். மன்னாரில் பாலம் என்றால் ஆமிச் சோதனைக்காகப் பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, யாருடைய கண்ணிலும் படாமல் நடந்து முடிக்க வேண்டிய இடம். இவர்களோ பாலத்தின் நடுவில் நின்று பாண் தின்றார்கள்.

நான் பாலம் பார்க்கப் போகவில்லை. என் மனைவியும் மகள் ஜெனியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகன் அமைச்சில் அசையாமல் கிடந்த ஆண்டுகள் அவை. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே பிழை என்னில்தான் என்று முடிவுகட்டினேன். ஊரில் கணிதம் படிப்பித்தவன் அல்லவா, எதற்கும் ஒரு காரணம் வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நின்றேன். அயலவர் நாய்க்கும் காலை வணக்கம் சொன்னேன். யாரோ ஓர் அதிகாரி யன்னலுக்குப் பின்னால் நின்று எனக்குப் புள்ளி போடுவதாக நினைப்பு. ஜெனிக்குப் பதினெட்டு ஆகிவிட்டால் அவளைப் பிள்ளையாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். அந்தப் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கீவவின் வெள்ளைச் சுவர்த் தேவாலயத்தில் ஒரு புனிதரும் இல்லை. சுவிஸ் மலைப்பக்கம் எங்களைப் போல் கத்தோலிக்கர் என்று கேள்விப்பட்டு, நேர்த்தி வைத்து, மெழுகுதிரிப் பெட்டியோடு பஸ் ஏறினேன். ஆனால் பஸ் பாலத்துக்குப் பாலம்தான் நின்றது. கோயிலில் நிற்கவே இல்லை. மூன்றாவது பாலத்தின் நடுவில், ஒரு சிறிய மாடத்தில், காய்ந்த பூமாலையோடு ஒரு மரப் புனிதர் நின்றார். பெயர் தெரியாது. பெயர் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில் நான் இல்லை. மெழுகுதிரியின் அடியை உருக்கிப் பலகையில் ஒட்டினேன்.

"அண்ணை, கொளுத்தாதேங்கோ. இது மரப்பாலம்," என்றான் ரவி. தொழிற்சாலையில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழன்.

"டெனிஷ்காரர் காலமைச் சாப்பாட்டுக்கே மெழுகுதிரி கொளுத்திற ஆக்கள். ஒண்டும் சொல்லமாட்டினம்."

"அவை கொளுத்திறது அவையின்ர வீட்டு மேசையில, அண்ணை!"

திரியைக் கொளுத்தி, முழந்தாளிட்டுக் கண்ணை மூடினேன். ஆற்றுக் காற்று வீசியது. கண்ணைத் திறந்தபோது மெழுகுதிரி சாய்ந்து விழுந்து, பூமாலை எரிந்துகொண்டிருந்தது. பொதிசெய்யும் வரிசையில் என் பக்கத்தில் நிற்கும் கிர்ஸ்டன், "உனக்கு என்ன பைத்தியமா?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, சுடுதண்ணிப் போத்தலிலிருந்த கோப்பி முழுவதையும் புனிதர்மேல் ஊற்றினாள். நெருப்பு அணைந்தது. பலகையில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு.

"நேர்த்தி வைச்சனீங்களோ, நெருப்பு வைச்சனீங்களோ?" என்றான் ரவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொலிஸ் அறிக்கை ஒன்று எல்லைகளைக் கடந்து போய் என் விண்ணப்பத்தின்மேல் குந்துவதுதான் கண்ணில் தெரிந்தது.

தலையில் தீயணைப்புத் தொப்பியும் காலில் வீட்டுச் செருப்புமாக ஒரு கிழவர் வந்தார். ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். நான் அகதிகளுக்கான நீலப் பயணப் பத்திரத்தை இரு கையாலும் கொடுத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பிச் செருகினார். அவர் கேட்டது நெருப்புப்பெட்டியை.

மாடத்தின் கீழே கண்ணாடி விளக்கொன்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. விழுந்த மெழுகுதிரியை அவரே எடுத்து அதற்குள் வைத்து ஏற்றினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். கிர்ஸ்டன் டெனிஷில் சொன்னாள்: "யாருக்காக என்று கேட்கிறார்."

"மகளுக்காக."

அவள் அதை அவருக்குச் சொல்லவில்லை. என்னையே பார்த்தாள். "உனக்கு மகள் இருக்கிறாளா?"

இரண்டு வருடம் தோளோடு தோள் நின்று பன்றியிறைச்சி அடுக்கியிருக்கிறோம். அடுத்தவரின் வீட்டு விஷயத்தைத் துருவக்கூடாது என்று அவள் கேட்கவில்லை. குடும்பம் வரப்போகிறது என்றால் முகம் சுளிப்பார்களோ என்று நான் சொல்லவில்லை. அன்று பஸ் வெளிக்கிட்டதும் என் பக்கத்தில் வந்து இருந்து, எல்லாவற்றையும் கேட்டாள். ஊர் திரும்பியபின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதிய இடைவேளையில் கொப்பன்ஹேகனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் அங்கே கத்துவதைக் கேட்டு நான் கழிவறைக்குள் போய் ஒளித்துக்கொள்வேன். பிறகு எங்கள் விண்ணப்பங்கள் அமைச்சர் ஒருவரால் வேண்டுமென்றே நிறுத்தப்பட்ட கதை பத்திரிகைகளில் வந்து நாடே பேசியது, ஜெனியின் பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பங்கள் அசைந்தன. பிழை என் சிவப்பு விளக்கில் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. மகள் வந்தது புனிதராலா கிர்ஸ்டனாலா பத்திரிகையாலா என்று ரவியோடு இன்றும் வாக்குவாதம்.

விமான நிலையத்துக்குக் கிர்ஸ்டனும் வந்தாள். இங்கத்தைய வழக்கப்படி கையில் சின்ன டெனிஷ் கடதாசிக் கொடிகள். முதலில் மனைவி வந்தாள். என் தோளில் முகம் புதைத்து அழுதாள். பின்னால் தாயைவிட உயரமாக ஜெனி, பள்ளிக்கூடப் பை ஒன்றை மட்டும் கொழுவிக்கொண்டு வந்தாள். கிர்ஸ்டன் ஒரு கொடியை அவள் கையில் திணித்தாள். ஜெனி அதை மரியாதையாக வாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களைப் பாத்திட்டு வருவம் எண்டுதான் அம்மா சொன்னவ. தையில பள்ளிக்கூடம் துடங்குது. வந்திடுவன் எண்டு ரீச்சரிட்டச் சொல்லிப்போட்டு வந்தனான். திரும்பிப் போற ரிக்கற் உங்களிட்டயோ இருக்கு?"